செவ்வந்தியும் தொய்ந்த கயிறும்

எங்கள் வீட்டு நாய்க்குச் செவ்வந்தி என்று பெயர். கோவில்பட்டிக்கு அருகில் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பா வீட்டில் பிறந்த சிப்பிப்பாறை இனத்துப் பெட்டை. செவலை நிறம், ஒட்டிய வயிறு, உடம்பைவிடக் கால்களே அதிகமோ என்று எண்ண வைக்கும் உருவம். மதுரை கே.கே.நகருக்கு 3 மாதக் குட்டியாக வந்தவள், ஒரு வயது நிறைந்தபோது 18 கிலோ இருந்தாள். என் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த உடம்பு, காலை ஐந்தரை மணிக்கு வாசற்கதவைத் திறந்த கணமே என்னைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போய்விடும். பூ விற்கிற பெண் ஒருவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறீங்களா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?" என்று கேட்பார். முதல் சில நாட்கள் நானும் சிரித்தேன். வலது தோளைத் தூக்க முடியாமல் ஒரு மாதம் பிசியோதெரபிக்குப் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

(என் அம்மா அவளை "அது" என்றுதான் சொல்வார். நான் "அவள்" என்று எழுதுவதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார். இருக்கட்டும்.)

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் முதலிய நம் தென்மாவட்ட நாய்களுக்கும் கயிற்றுக்கும் அதிகத் தொடர்பு இருந்ததில்லை. மானாவாரிக் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, அது கண்ணுக்குத் தப்புவதற்குள் ஓடிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டவை சிப்பிப்பாறையும் கன்னியும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று என்றாலும், சட்டம் வந்த செய்தி நாயின் கண்ணுக்கும் காலுக்கும் எட்டவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் சிப்பிப்பாறை உள்ளிட்ட நாட்டு இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகு, குட்டி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: தினமும் அதைத் தெருவில் நடத்திக்கொண்டு போகப்போவது யார்?

நான் செய்த தவறுகளிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் வாங்கியது இரும்புச் சங்கிலி. நாய் என்றால் சங்கிலி என்றுதான் நமக்குப் பழக்கம். சங்கிலியின் குறை அது கனமானது என்பது மட்டுமன்று. நான் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அதன் எடை நாயின் கழுத்தில் எப்போதும் தொங்கிக்கொண்டே இருப்பதால், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை நாயால் உணரவே முடியாது. உணர முடியாத ஒன்றை அது எப்படிக் கற்றுக்கொள்ளும்? அதற்குப் பிறகு, பொத்தானை அழுத்தினால் தானே நீண்டு சுருளும் வாரை வாங்கினேன். அது அதைவிட மோசம். உள்ளே இருக்கும் சுருள்வில் எந்நேரமும் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாய் ஓரடி முன்னே போக வேண்டுமானால் அந்த விசையை எதிர்த்து இழுத்தே ஆக வேண்டும். இழுத்தால் நீளம் கிடைக்கும் என்ற பாடத்தை அதைவிடத் தெளிவாக நடத்தும் கருவி வேறு இல்லை.

மூன்றாவதாக ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். இழுத்தால் இறுகும் சுருக்குச் சங்கிலியைச் செவ்வந்தியின் கழுத்தில் மாட்டி, அவள் முன்னே போகும்போதெல்லாம் வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டச் சொன்னார். "நாய் முன்னால போகுதுன்னா அது தன்னைத் தலைவன்னு நினைக்குதுன்னு அர்த்தம் மேடம், நீங்கதான் தலைவர்னு காட்டணும்" என்பது அவர் விளக்கம். இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் காவல்துறை நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-இலேயே இதைப் போன்ற கட்டாயப் பயிற்சியை எழுதிவைத்துவிட்டார். தலைவன் என்ற கருத்து அதற்குப் பின்னால் வந்தது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைப்பிடத்தில் வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதிய ஆய்வே அதன் வேர்களுள் முக்கியமானது. ஆனால் இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய ஒரு குடும்பமே என்று, காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்த டேவிட் மெக் 1999-இல் விளக்கமாக எழுதிவிட்டார். நம் தெருக்களில் நாய் பயிற்றுவிப்போரிடம் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சுண்டியதற்குப் பலன் இல்லாமல் இல்லை. முதல் வாரம் அவள் என் காலோடு ஒட்டி நடந்தாள். இரண்டாவது வாரம் இருமத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் நான் அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். அதுவரை தெருநாய்களைக் கண்டால் வாலாட்டி முன்னே போகத் துடித்தவள், அவற்றைப் பார்த்து உறுமவும் பாயவும் தொடங்கினாள். எனக்குப் புரிய நாளாயிற்று: தெருநாயை அவள் பார்க்கும்போதெல்லாம் நான் சுண்டியிருக்கிறேன், அவள் கணக்கில் கழுத்து வலிக்குக் காரணம் நான் இல்லை, எதிரே நின்ற அந்த நாய். கழுத்தை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் இது நல்லதன்று. கழுத்துப்பட்டையோடு நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸோடு இழுக்கும்போது அப்படிக் கூடுவதில்லை என்றும் 2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு அளந்தே காட்டியிருக்கிறது. பயிற்சியாளருக்கு நன்றி சொல்லி, பாக்கியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் எதையும் மாற்றாமல் நடப்பதை மட்டும் கவனித்தேன். எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வேப்பமரத்துக்கு 60 எட்டு. கதவு திறந்ததும் கயிறு விறைக்கும், நான் பின்னால் போவேன், மரம் வரும், அவள் அடிமரத்தை ஆசை தீர மோப்பம் பிடிப்பாள். 60 எட்டிலும் கயிறு விறைத்திருக்க, 60 எட்டிலும் நான் முன்னே போயிருக்கிறேன். அதாவது அவள் இழுத்த ஒவ்வொரு தடவையும் நான் கூலி கொடுத்திருக்கிறேன். எந்தச் செயலுக்கு இனிய பலன் கிடைக்கிறதோ அந்தச் செயல் வலுப்படும் என்பதை, பெட்டிக்குள் அடைத்த பூனைகள் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வரக் கற்றுக்கொண்ட விதத்தைக் கொண்டு உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இலேயே காட்டியிருந்தார். நான் பூனைக்குப் பதில் நாயையும், தாழ்ப்பாளுக்குப் பதில் என் தோளையும் வைத்து, எட்டு மாதம் அதே சோதனையை நடத்தியிருக்கிறேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நேரம் இருந்த நாட்களில் நான் நின்று கண்டித்தேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட நாட்களில் இழுப்புக்கு விட்டுக்கொடுத்து ஓடினேன். எப்போதும் கிடைக்கும் பலனைவிட எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை அசைக்க முடியாதபடி ஊன்றிவிடுகிறது என்று அவருக்குப் பின்வந்த உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டுகின்றன. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்பது தடவை நின்றுவிட்டுப் பத்தாம் தடவை பின்னால் ஓடிய என்னைப்போன்ற எஜமானிதான் பிடிவாதமாக இழுக்கும் நாயை உருவாக்குகிறாள்.

நாய் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நாம் மணிக்கு நாலு அல்லது ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம். நீண்ட கால்களை உடைய வேட்டை நாய்க்கு அது நடையுமில்லை, ஓட்டமுமில்லை. அதன் உடம்புக்கு இதமான துள்ளுநடை நம் நடையைவிட வேகமானது. அதோடு அதன் மூக்கில் மணம் உணரும் செல்கள் 20 கோடிக்கு மேல் என்கிறார்கள். நம் மூக்கில் சில பத்து இலட்சங்கள்தான். திருவிழாக் கூட்டத்தில், கடைகளின் முன்னால் நிற்கவிடாமல் கையைப் பிடித்து ஒரே சீராக நடக்கவைத்தால் ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும்? மெல்ல நடப்பது நாய்க்குத் தானாக வருவதன்று. சைக்கிள் ஓட்டுவதைப்போல் கற்றுக்கொடுக்க வேண்டிய கலை அது. அதனால் கோபப்பட இங்கே ஒன்றுமில்லை.

கருவிகளை மாற்றினேன். பருத்தியில் நெய்த, கனமில்லாத, 2 மீட்டர் நீளமுள்ள வார் ஒன்று. கழுத்துப்பட்டை விஷயத்தில் சிப்பிப்பாறை வளர்ப்போர் கவனமாக இருக்க வேண்டும்: இந்த இனத்தின் தலை கழுத்தைவிடப் பெரிதாக அகன்றதன்று. வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஒரு கீரியைப் பார்த்துவிட்டுச் செவ்வந்தி இரண்டடி பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு போய்விட்டாள். காலிப் பட்டையைக் கையில் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நான் தேடிய அந்தக் காலையை எண்ணினால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டு வேட்டை நாயை வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் மார்ட்டிங்கேல் என்ற அகலமான பட்டை இதற்கு ஏற்றது; பின்வாங்கினால் தலை கழலாத அளவுக்கு மட்டும் இறுகும், மூச்சை அடைக்காது. கூடவே மார்பின் முன்பக்கத்தில் கொக்கி மாட்டும் ஹார்னஸ் ஒன்றும் வாங்கினேன். முதுகில் கொக்கி உள்ள ஹார்னஸை இழுப்பைக் குறைக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்களுக்கு மாட்டுவதும் அந்த வகைதான். அது இழுப்பதைச் சுகமாக்குகிறது. அதற்கும் ஒரு பயன் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அடுத்தது சுருக்குப்பை. அம்மாச்சியின் பழைய சுருக்குப்பை பீரோவில் கிடந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். உள்ளே, உப்புப் போடாமல் வேகவைத்து, கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கிய கோழி நெஞ்சுக்கறி. நாளொன்றுக்கு நூறு துண்டாவது செலவாகும் என்பதால் அந்த அளவுக்கு அவளுடைய சோற்றைக் குறைத்துவிட வேண்டும். "நாய்க்கு லஞ்சம் கொடுத்து நடக்க வைக்கிறாயா?" என்று அம்மா கேட்டார். லஞ்சம் வேலைக்கு முன்னால் கொடுப்பது, சம்பளம் வேலைக்குப் பின்னால் கொடுப்பது என்றேன். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பயிற்சியைத் தெருவில் தொடங்கவில்லை. அதுதான் நான் முன்பு செய்த பெரிய பிழை. எழுத்தே தெரியாத பிள்ளையைப் பரீட்சை மண்டபத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் போன்றது அது. கைப்பிடிச் சுவர் உயரமான எங்கள் மொட்டை மாடியில், தரை ஆறிய மாலை நேரத்தில், கயிறே இல்லாமல் தொடங்கினோம். நான் பாட்டுக்கு நடப்பேன். அவள் தானாக வந்து என் இடப்பக்கத்தில் சேர்ந்துகொள்ளும் நொடியில் "ஆச்சு" என்று சொல்லி ஒரு துண்டு கொடுப்பேன். "ஆச்சு" என்பது வெறும் பாராட்டு இல்லை. எந்த நொடியில் செய்த செயலுக்கு இந்தத் துண்டு என்பதை அவளுக்குச் சுட்டிக்காட்டும் அடையாளச் சொல். அதனால் அதை வேறு எதற்கும் வீட்டில் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். குக்கர் விசில் வந்து "சாம்பார் ஆச்சு" என்று அம்மா சொன்னபோது செவ்வந்தி ஓடிவந்து நின்றது தனிக்கதை.

துண்டை எங்கே கொடுக்கிறோம் என்பது, எப்போது கொடுக்கிறோம் என்பதைப்போலவே முக்கியமானது. என் வயிற்றுக்கு முன்னால் கையை நீட்டிக் கொடுத்தபோது அவள் எனக்குக் குறுக்கே வந்து நடக்கப் பழகினாள்; இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தேன். சுடிதாரின் இடப்பக்கத் தையலை ஒட்டிக் கையைத் தொங்கவிட்டுக் கொடுக்கத் தொடங்கியதும், சம்பளம் பட்டுவாடா ஆகும் இடத்திலேயே அவளும் நிற்கத் தொடங்கினாள். முதல் மூன்று நாட்கள் ஓரெட்டுக்கு ஒரு துண்டு, பிறகு மூன்றெட்டுக்கு ஒன்று. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் போனால் அவள் கவனம் காக்கைகளிடம் போய்விடும். பத்து நாள் கழித்துத்தான் வாரை மாட்டினேன். அப்போதும் கையில் பிடிக்கவில்லை, தரையில் இழுபட விட்டேன்.

வாசல் தனிப்பாடம். தெருவில் நடக்கும் இழுப்பு தெருவில் பிறப்பதில்லை. ஆணியிலிருந்து வாரை எடுக்கும் சத்தத்தில் பிறக்கிறது. எடுத்தேன், குதித்தாள், மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். எடுத்தேன், குதித்தாள், மாட்டினேன். முதல் நாள் 11 தடவை. இருபத்தைந்து நிமிடம் போயிற்று, அன்று வெளியே போகவே இல்லை. ஐந்தாம் நாள் இரண்டாவது தடவையே நான்கு காலும் தரையில் இருந்தன. கதவுக்கும் அதே விதி: கதவு திறக்கும்போது அவள் பாய்ந்தால் கதவு மூடிக்கொள்ளும், நின்றால் திறக்கும். திட்டவும் தேவையில்லை, தொடவும் தேவையில்லை.

பிறகு தெரு. முதல் வாரம் எங்கள் நடைப்பயணத்தின் நீளம் நான்கு வீடு. போவோம், நிற்போம், திரும்புவோம், மறுபடி போவோம். எதிர்வீட்டுப் பெரியவர், "ஏதாவது தொலைச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். விதி ஒன்றுதான்: கயிறு ஊஞ்சல்போலத் தொய்ந்து, அதன் கொக்கி தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும்வரை நான் நடப்பேன், அந்தத் தொய்வு நிமிரத் தொடங்கினால் வேப்பமரமாக நின்றுவிடுவேன். பின்னால் இழுக்கக்கூடாது, கூப்பிடவும் கூடாது. அவளாகத் தலையைத் திருப்பியோ ஓரெட்டு பின்வந்தோ கயிற்றைத் தளர்த்தினால், "ஆச்சு", நடை தொடரும். இதைச் செய்யும்போது என் கையே எனக்குத் துரோகம் செய்தது. அவள் இழுத்ததும் என் முழங்கை தானாக நீண்டு அவளுக்கு அரை மீட்டர் கொடுத்துவிடும். அதுவும் கூலிதான். பிடித்த கையைத் தொப்புளுக்கு நேராக வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்ட பிறகே இது சரியாயிற்று. வாரின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையில் மடித்துப் பிடிக்க வேண்டும். விரல்களில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அணிலைப் பார்த்துவிட்ட நாய் பாயும் பாய்ச்சலில் விரல் எலும்பு முறிந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. செவ்வந்தி கயிறு விறைக்கும்வரை முன்னே ஓடுவாள், நான் நிற்பேன், உடனே என் பக்கத்துக்கு ஓடிவந்து துண்டை வாங்கிக்கொண்டு, மறுபடி முன்னே ஓடுவாள். ஒரு நடையில் நாற்பது தடவை. அவள் இழுக்காமல் நடக்கக் கற்றுக்கொள்ளவில்லை. "இழு, திரும்பி வா, கறி வாங்கு" என்ற மூன்றடிப் பாட்டைக் கற்றுக்கொண்டிருந்தாள், அதற்கு இசையமைத்தது நான். நின்று காத்திருக்கும் முறையைக் கையாண்டு பலன் இல்லை என்று கைவிட்டவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாற்ற வேண்டியது சம்பள நாளை. திரும்பி வந்ததற்குக் கிடைப்பது நடை தொடர்வது மட்டுமே. கறி, அதன்பிறகு கயிறு தொய்ந்தபடி ஐந்தெட்டு பக்கத்தில் நடந்தால்தான். அந்த ஐந்தும் சில நாளில் மூன்று, எட்டு, இரண்டு, பன்னிரண்டு என்று அவளால் ஊகிக்க முடியாதபடி மாறிக்கொண்டே இருக்கும். முன்பு எனக்கு எதிராக வேலை செய்த அதே லாட்டரிக் கணக்கு இப்போது என் பக்கம் வந்தது.

கறியால் மட்டும் காரியம் ஆகிவிடவில்லை. வேப்பமரத்தடியில் முந்தின இரவு எந்த நாய் வந்து போனது என்ற செய்திக்கு முன்னால் கோழிக்கறி ஒன்றுமே இல்லை. இங்கே எனக்குக் கை கொடுத்தது உளவியலாளர் டேவிட் பிரீமேக் 1959-இல் வகுத்த ஒரு கொள்கை: ஓர் உயிர் மிகவும் விரும்பிச் செய்யும் செயலை, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக வைக்கலாம். குழம்புச் சோற்றை முடித்தால்தான் பாயசம் என்று பந்தியில் பிள்ளைகளிடம் சொல்லும் அத்தனை அத்தைகளுக்கும் தெரிந்ததுதான் இது. மரத்துக்குப் பத்தெட்டு முன்னால் கயிறு தொய்வாக இருந்தால் "போ, மோந்து பார்" என்று சொல்லி, நானும் அவளோடு மரத்தடிக்குப் போய் ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். இழுத்தால் மரம் எட்டாது. இழுக்காவிட்டால் மரம் தானே வரும். எட்டு மாதம் அவளை இழுக்க வைத்த மரமே அவளுக்கு நடை சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. இன்று அவள் நடையில் பாதி நேரம் மோப்பத்துக்குத்தான். நேரத்தை வீணாக்குவதாக முன்பு நினைத்திருந்தேன். அரைமணி நேரம் மோப்பம் பிடித்த நாள் அவள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாள், ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்த நாள் அப்படித் தூங்குவதில்லை.

வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் இல்லாத ஒன்று நம் ஊரில் உண்டு: ஒவ்வொரு தெருவுக்கும் சொந்தமாக நான்கைந்து நாய்கள். அவற்றின் எல்லைக்குள் கயிற்றில் கட்டிய நாயோடு நுழைவது, அழைப்பில்லாத வீட்டுக்குள் நுழைவதுதான். எந்தத் தெருவில் எவை, எவற்றுக்குக் காது நுனி வெட்டியிருக்கிறது, அதாவது கருத்தடை முடிந்திருக்கிறது, எது தூங்குமூஞ்சி, எது வம்புக்காரன் என்று ஒரு மனக்கணக்கு வைத்துக்கொண்டேன். சுருக்குச் சங்கிலியால் வந்த பயத்தை அவளிடமிருந்து எடுப்பதற்கு, கயிற்று நடையைக் கற்றுக்கொடுத்ததைவிட அதிக காலம் ஆயிற்று. தெருநாயை அவள் பார்க்க வேண்டும், ஆனால் உறுமத் தோன்றாத தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதலில் அந்தத் தூரம் முப்பது மீட்டர். அவள் பார்த்தாள், "ஆச்சு", கறி. மறுபடி பார்த்தாள்; கறி. சில வாரங்களில் எதிரே நாய் தென்பட்டால் அதைப் பார்த்துவிட்டு, உடனே என் சுருக்குப்பையைப் பார்த்தாள். தூரம் மெல்லக் குறைந்தது. இப்போதும் நேருக்கு நேர் நடப்பதில்லை. வில்போல வளைந்து, தெருவின் மறு ஓரமாகப் போகிறோம். நாய்களுக்கிடையே அதுதான் மரியாதை. அந்த நேரத்தில் கயிறு விறைத்தால் செவ்வந்தியின் தலையும் மார்பும் நிமிர்ந்து சண்டைக்கு நிற்பவளைப்போல் எதிர் நாய்க்குத் தோன்றும். தொய்ந்த கயிறு அவளுடைய உடல்மொழியை அவளுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

வீட்டிலிருந்த மற்றவர்களைப் பழக்கியது பற்றியும் எழுத வேண்டும். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிப்போவார். அலைபேசியில் பேசிக்கொண்டே, அவள் இழுத்த பக்கமெல்லாம் போய் வருவார். அதன் பலனாகத் திங்களும் செவ்வாயும் நான் அழுவேன். சண்டைக்குப் பதிலாக ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முதுகுக் கொக்கி ஹார்னஸ் மாட்டினால் விதி இல்லை, இழுக்கலாம். மார்ட்டிங்கேல் பட்டையோ முன்கொக்கியோ மாட்டினால் விதி உண்டு. எனக்கே நேரமில்லாத நாளிலும் முதுகுக் கொக்கிதான். பள்ளிச் சீருடை, வீட்டுச் சட்டை என்று பிள்ளைகள் வேறுபடுத்துவதைப்போல் ஓரிரு வாரத்தில் அவள் வேறுபடுத்திக்கொண்டாள். பாதி விதியைவிட இரண்டு தனித்தனி விதிகள் நாய்க்கு எளிதாகப் புரிகின்றன.

வெயிலைப் பற்றி ஒரு சொல். சித்திரை, வைகாசியில் மதுரைத் தார்ச்சாலை மாலை ஆறு மணிக்கும் கொதிக்கும். புறங்கையை ஐந்து நொடி சாலையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. சூட்டில் பாதம் துடிக்கும் நாய் நிழலுக்கு இழுப்பதைப் பயிற்சிக் குறை என்று எண்ணுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் காலை ஆறேகாலுக்குள் நாங்கள் வீடு திரும்பிவிடுவோம்.

தொடங்கி ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகிறது. நான்கு வீடு, தெருமுனை, கண்மாய்க் கரை என்று நீண்டிருக்கிறது. முழு நடையில் கயிறு விறைப்பது ஆறேழு தடவை. அதிலும் பெரும்பாலும் அவளே உணர்ந்து தளர்த்திக்கொள்கிறாள், நான் நிற்பதற்குள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ராணுவ அணிவகுப்பைப்போல் நடப்பதில்லை. அதை நான் கேட்கவுமில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, சில வேளை வலப்பக்கத்தில்கூட. கயிறு தொய்ந்திருந்தால் போதும். அணிலுக்கு இப்போது நின்று பார்க்கிறாள், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி உடம்பெல்லாம் நடுங்க. பத்துக்கு ஏழு தடவை பாயாமல் திரும்பிவிடுகிறாள். கீரிக்கு இன்னும் உத்தரவாதம் இல்லை. ஆட்டு மந்தைக்கு நிச்சயமாக இல்லை. கண்மாய்க் கரையில் காலை ஏழு மணிவாக்கில் ஒரு மந்தை வரும். முன்னால் வரும் கிடாயின் கழுத்துமணி கேட்டதும் இருவரும் காதைத் தூக்குகிறோம், நான் சுருக்குப்பையில் கைவிட்டபடியே பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிவிடுகிறேன்.